ஆங்கிலத்தில் ஏக்கத்தையும் வருத்தத்தையும் சொல்வது எப்படி? 'விஷ்' முதல் 'ஷுட் ஹேவ்' வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"விடை எனக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும்" என்று தமிழில் நினைக்கும் ஒருவர், அதை ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது, பெரும்பாலும் "ஐ விஷ் ஐ நோ தி ஆன்சர்" என்று எழுதிவிடுகிறார். இப்போதைய நிலையைத்தானே சொல்கிறோம், ஆகவே நிகழ்கால வினைதானே வர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. சரியான வாக்கியமோ "ஐ விஷ் ஐ நியூ தி ஆன்சர்" என்பதாகும். இன்று தெரியாத ஒன்றுக்கு 'நியூ' என்ற இறந்தகால வினை ஏன் வருகிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் இந்தப் பாடத்தின் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும். அது கிடைக்காத வரை, அட்டவணைகளை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் பேசும்போது வாயில் வராது.

விடை நம் மொழியிலேயே இருக்கிறது. 'வந்தான்' என்ற இறந்தகால வினைமுற்றில் கடைசி எழுத்தாகிய 'ன்' நீங்கி 'ல்' வந்தால் 'வந்தால்' கிடைக்கிறது. அதே வழியில் 'ஓடினான்' 'ஓடினால்' என்றும், 'போனான்' 'போனால்' என்றும் ஆகின்றன. "நாளை அவன் வந்தால்" என்று நாளையைப் பற்றிப் பேசும்போதும் நாம் கையாள்வது இறந்தகாலத்திற்குரிய அடிச்சொல்லைத்தான். அதைக் கேட்டு யாரும் "நாளைக்கு எப்படி இறந்தகாலம்?" என்று திகைப்பதில்லை, ஏனெனில் அங்கே அந்த வடிவம் காலத்தைக் காட்டவில்லை, இன்னும் நடக்காத ஒன்றை மனத்தில் வைத்துப் பார்ப்பதைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'விஷ்' என்ற சொல்லை அடுத்து வரும் இறந்தகால வடிவத்தின் வேலையும் இதுவே. பேசப்படும் செய்தி நடப்புக்குப் புறம்பானது என்பதை அது உணர்த்துகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தவறுகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. தமிழின் 'வந்தால்' நடக்கக் கூடியதற்கும் நடக்கவே முடியாததற்கும் ஒன்றுபோலப் பொருந்தும். ஆங்கிலமோ அவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. எனவே தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

முதல் படி: நடப்பை எழுதுதல்

ஏக்க வாக்கியம் என்பது தலைகீழாகத் திருப்பப்பட்ட நடப்பு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஏக்கத்தை எழுதுவதற்கு முன், அந்த ஏக்கத்திற்குக் காரணமான நடப்பை ஒரு சிறு ஆங்கில வாக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும். "ஐ டோன்ட் நோ தி ஆன்சர்", அதாவது எனக்கு விடை தெரியாது. இப்போது இரண்டு மாற்றங்கள். எதிர்மறையாக இருப்பதை உடன்பாடாகவும், உடன்பாடாக இருப்பதை எதிர்மறையாகவும் திருப்ப வேண்டும். பிறகு வினையை ஒரு காலம் பின்னே தள்ள வேண்டும். 'டோன்ட் நோ' திரும்பி 'நோ' ஆகிறது, ஒரு படி பின்னே போய் 'நியூ' ஆகிறது. முன்னால் 'ஐ விஷ்' சேர்த்தால் வாக்கியம் முடிந்தது.

இதையே "இட் இஸ் ரெய்னிங்" என்பதில் செய்து பார்க்கலாம். மழை பெய்துகொண்டிருக்கிறது என்பது உடன்பாடு. திருப்பினால் எதிர்மறை, பின்னே தள்ளினால் "ஐ விஷ் இட் வேரன்ட் ரெய்னிங்". மழை பெய்யாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பொருள். "ஐ ஹேவ் நோ டைம்" என்ற நடப்பு "ஐ விஷ் ஐ ஹேட் டைம்" ஆகும். நடப்பு "ஐ கான்ட் ஸ்லீப்" என்றால், தூங்க இயலாதவரின் ஏக்கம் "ஐ விஷ் ஐ குட் ஸ்லீப்" என்று வரும், ஏனெனில் 'கேன்' என்ற துணைவினை ஒரு காலம் பின்னே போகும்போது 'குட்' ஆகிறது.

மேலே 'வாஸன்ட்' வராமல் 'வேரன்ட்' வந்ததைக் கவனித்திருக்கலாம். நடப்புக்குப் புறம்பானதைச் சொல்லும்போது 'ஐ', 'ஹீ', 'ஷீ', 'இட்' ஆகிய ஒருமைச் சொற்களோடும் 'வேர்' வருவது பழைய ஆங்கிலத்தில் தனியாக இருந்த ஒரு வினைவடிவத்தின் எச்சம். பேச்சில் "ஐ விஷ் ஐ வாஸ்" என்பது மிகப் பரவலாக வழங்குகிறது, அதைத் தவறென்று பெரும்பாலும் யாரும் திருத்துவதில்லை. என்றாலும் தேர்விலும் அலுவல் கடிதத்திலும் 'வேர்' எழுதுவதே பாதுகாப்பானது. "இஃப் ஐ வேர் யூ", அதாவது நான் உங்கள் இடத்தில் இருந்தால், என்ற தொடரில் மட்டும் எப்போதும் 'வேர்' என்றே பழகிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: இது 'விஷ்' தானா, 'ஹோப்' ஆ?

பேச்சுத் தமிழில் "பிறந்தநாளுக்கு விஷ் பண்ணினேன்" என்று சொல்லிச் சொல்லி, 'விஷ்' என்றாலே வாழ்த்து என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. அதனால்தான் தேர்வுக்குப் போகும் நண்பருக்கு "ஐ விஷ் யூ வில் பாஸ்" என்று செய்தி அனுப்புகிறோம். இந்த வாக்கியம் ஆங்கிலத்தில் நிற்காது. நடக்க வாய்ப்புள்ள ஒன்றை எதிர்பார்க்கும்போது 'ஹோப்' வர வேண்டும்: "ஐ ஹோப் யூ பாஸ்" என்றோ "ஐ ஹோப் யூ வில் பாஸ்" என்றோ சொல்லலாம். கடந்துபோன, ஆனால் முடிவு நமக்குத் தெரியாத ஒன்றுக்கும் 'ஹோப்' பொருந்தும். நண்பர் நேற்றிரவு ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாதபோது "ஐ ஹோப் யூ ரீச்ட் ஹோம் சேஃப்லி" என்கிறோம்.

வாழ்த்துக்கு 'விஷ்' வராதா என்றால், வரும். ஆனால் அதன்பின் வினை வராது, பெயர்ச்சொல் வரும். "ஐ விஷ் யூ சக்ஸஸ்", "வீ விஷ் யூ எ ஹேப்பி பர்த்டே" ஆகியவை சரியானவை. வாழ்த்துவதற்குத் தமிழில் 'வாழ்க', 'வளர்க', 'வெல்க' என்ற வியங்கோள் வினைமுற்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைப் போன்ற வடிவம் "லாங் லிவ்", "காட் ப்ளெஸ் யூ" போன்ற சில நிலைத்த தொடர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற இடங்களில் 'மே' என்ற துணைவினையை முன்னால் வைத்து "மே யூ லிவ் லாங்" என்கிறார்கள்.

"ஐ விஷ் டு" என்று தொடங்கி வினைச்சொல் வந்தால் அங்கே ஏக்கமே இல்லை. "ஐ விஷ் டு மீட் தி மேனேஜர்" என்பது மேலாளரைப் பார்க்க விரும்புகிறேன் என்பதை மிடுக்காகச் சொல்லும் முறை. நண்பர்களிடையே இப்படிப் பேசினால் சற்றுச் செயற்கையாக இருக்கும், 'வாண்ட்' போதும்.

மூன்றாம் படி: பிறர் மாற வேண்டும் என்ற ஆதங்கம்

வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் பேனாவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை, எரிச்சல் மட்டும் வருகிறது. இந்த மனநிலைக்கு ஆங்கிலம் 'வுட்' என்ற துணைவினையை வைத்திருக்கிறது: "ஐ விஷ் யூ வுட் ஸ்டாப் டேப்பிங் யுவர் பென்". நிறுத்த மாட்டீர்களா என்ற ஆதங்கம் அந்த 'வுட்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. ஆகவே மரியாதைக்குரியவர்களிடம் இதைச் சொல்லும்போது கவனம் தேவை. கெஞ்சலைப் போலத் தோன்றினாலும் இது முறையீடு. மழைக்கும் பேருந்துக்கும் இது பொருந்தும்: "ஐ விஷ் தி பஸ் வுட் கம்" என்று நிறுத்தத்தில் காத்துக் காத்துச் சலித்தவர் சொல்வார்.

இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. முதலாவது, தன்னைப் பற்றிப் பேசும்போது 'வுட்' வராது. "ஐ விஷ் ஐ வுட் ஸ்பீக் வெல்" என்பது பிழை; தன் செயல் தன் கையில் இருக்கும்போது தன்னைத் தானே முறையிட்டுக்கொள்வது பொருந்தாது என்பதே காரணம். அங்கே 'குட்' வர வேண்டும். இரண்டாவது, மாறக்கூடிய செயலுக்கே 'வுட்' பொருந்தும், நிலைக்குப் பொருந்தாது. அவர் உயரமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்பதை "ஐ விஷ் ஹீ வுட் பி டாலர்" என்று சொல்வதில்லை, "ஐ விஷ் ஹீ வேர் டாலர்" என்கிறோம்.

நான்காம் படி: நேற்றைக்குத் திரும்புதல்

இதுவரை பார்த்தவை இன்றைய குறைகள். முடிந்துபோன ஒன்றுக்காக வருந்தும்போது, நடப்பு வாக்கியமே இறந்தகாலத்தில் இருக்கிறது. அதை இன்னும் ஒரு படி பின்னே தள்ளினால் 'ஹேட்' என்ற சொல்லும் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்த 'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' கிடைக்கிறது. "ஐ டிடன்ட் ஸ்டடி" என்பது "ஐ விஷ் ஐ ஹேட் ஸ்டடீட்" ஆகிறது. "ஐ டோல்ட் ஹிம்" என்பது "ஐ விஷ் ஐ ஹேடன்ட் டோல்ட் ஹிம்" ஆகிறது.

தமிழும் இங்கே இதையே செய்கிறது. 'தெரிந்தால்' என்பது இன்றைக்கு, 'தெரிந்திருந்தால்' என்பது நேற்றைக்கு. நாம் நடுவில் ஓர் 'இரு' சேர்ப்பதைப் போல அவர்கள் ஒரு 'ஹேட்' சேர்க்கிறார்கள். 'நியூ' என்றால் தெரிந்தால், 'ஹேட் நோன்' என்றால் தெரிந்திருந்தால். இந்த இணையை மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்கு இலக்கணப் பெயர்கள் தேவையே இல்லை என்பது என் கருத்து.

"ஐ விஷ் ஐ ஹேட் ஹேட் மோர் டைம்" என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் அச்சுப் பிழையோ என்று பலர் ஐயப்படுகிறார்கள். பிழை இல்லை. முதல் 'ஹேட்' துணைவினை. இரண்டாவது 'ஹேட்', கையில் இருந்தது என்ற பொருளுள்ள முதன்மை வினை. அன்று இன்னும் நேரம் இருந்திருந்தால் என்று பொருள். பேச்சில் முதல் 'ஹேட்' தேய்ந்து "ஐட் ஹேட்" என்று ஒலிக்கும். இந்த 'ஐட்' சில இடங்களில் 'ஐ வுட்' என்பதன் சுருக்கமாகவும் வருவதால், பின்னால் வரும் வினையைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்: மூன்றாம் வடிவம் வந்தால் 'ஹேட்', முதல் வடிவம் வந்தால் 'வுட்'.

செய்ய இயலாமல் போனதற்கு 'குட் ஹேவ்' வரும்: "ஐ விஷ் ஐ குட் ஹேவ் கம்", அதாவது வர முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஐ விஷ் யூ வுட் ஹேவ் டோல்ட் மீ" என்று சிலர் பேசுவதைக் கேட்கலாம். எழுத்தில் "ஐ விஷ் யூ ஹேட் டோல்ட் மீ" என்பதே ஏற்கப்பட்ட வழக்கு.

ஒரு பேருந்து, ஐந்து வாக்கியங்கள்

நிறுத்தத்தை நோக்கி ஓடிவருகிறீர்கள். இருபது அடி தொலைவில் பேருந்தின் கதவு மூடிக்கொள்கிறது, வண்டி நகர்கிறது. அந்த நேரத்தில் மனத்தில் எழும் எண்ணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனி வடிவம் உண்டு. ஓட்டுநர் நிறுத்த மாட்டாரா என்ற தவிப்பு "ஐ விஷ் ஹி வுட் ஸ்டாப்" என்று வரும். இன்னும் வேகமாக ஓட முடிந்தால் என்ற எண்ணம் "ஐ விஷ் ஐ குட் ரன் ஃபாஸ்டர்" ஆகும். வண்டி திரும்பி மறைந்த பிறகு எழும் வருத்தம் "ஐ விஷ் ஐ ஹேட் லெஃப்ட் ஹோம் எர்லியர்". தன்னையே நொந்துகொள்ளும்போது "ஐ ஷுட் ஹேவ் லெஃப்ட் எர்லியர்", அதாவது முன்னதாகவே கிளம்பியிருக்க வேண்டும். அடுத்த பேருந்தாவது சீக்கிரம் வரட்டும் என்று நினைப்பது இன்னும் நடக்கக்கூடியது என்பதால் "ஐ ஹோப் தி நெக்ஸ்ட் ஒன் கம்ஸ் சூன்". பேருந்து மறைந்த கணத்தில் 'வுட்' என்பது 'ஹேட்' ஆக மாறிவிட்டதைக் கவனியுங்கள். அதுவரை கைக்கெட்டும் தொலைவில் இருந்தது, அப்போதுதான் நடந்து முடிந்ததாகிறது.

ஐந்தாம் படி: 'ஷுட் ஹேவ்' குடும்பம்

செய்திருக்க வேண்டும், செய்யவில்லை என்றால் 'ஷுட் ஹேவ்'. செய்திருக்கக் கூடாது, செய்துவிட்டேன் என்றால் 'ஷுடன்ட் ஹேவ்'. இரண்டுக்கும் பின்னால் மூன்றாம் வடிவம் வர வேண்டும். பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து 'ஷுடவ்' என்று ஒலிப்பதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே 'ஹேவ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆஃப்' என்று எழுதிவிடுவதுண்டு. அவர்களைப் பார்த்து நாமும் அப்படி எழுதிவிடக் கூடாது.

இந்தக் குடும்பத்தில் தமிழருக்கு இடறல் தருவது 'குட் ஹேவ்' தான். "அவர் சொல்லியிருக்கலாம்" என்ற தமிழ் வாக்கியத்திற்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவேளை சொல்லியிருப்பார் என்ற ஊகம் ஒன்று. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லையே என்ற குறை இன்னொன்று. ஊகத்திற்கு "ஹி மே ஹேவ் டோல்ட் தெம்" என்றும், குறைக்கு "ஹி குட் ஹேவ் டோல்ட் மீ" என்றும் எழுதினால் குழப்பம் இராது. தமிழில் கடைசியில் ஓர் ஏகாரம் சேர்த்து "சொல்லியிருக்கலாமே" என்று இழுத்துச் சொல்லத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் அது 'குட் ஹேவ்'.

தேவையில்லாமல் செய்துவிட்ட ஒன்றுக்கு 'நீடன்ட் ஹேவ்' வரும். "யூ நீடன்ட் ஹேவ் கம்" என்றால் நீங்கள் வந்துவிட்டீர்கள், ஆனால் வந்திருக்கத் தேவையில்லை. "யூ டிடன்ட் நீட் டு கம்" என்பதில் வந்தாரா இல்லையா என்ற தகவலே இல்லை.

ஆறாம் படி: 'ரிக்ரெட்' என்ற சொல்லின் இரு முகங்கள்

விண்ணப்பம் அனுப்பியவருக்கு ஒரு நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது: "வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ" என்று தொடங்குகிறது. அந்த மூன்றாம் சொல்லைப் படித்ததுமே மீதியைப் படிக்க வேண்டியதில்லை என்று தெரிந்துவிடுகிறது. 'ரிக்ரெட் டு' என்பதன்பின் 'இன்ஃபார்ம்', 'சே', 'டெல்', 'அனவுன்ஸ்' போன்ற, செய்தி சொல்லும் வினைகளே வரும். இனிமேல் சொல்லப்போகிற கெட்ட செய்திக்கு அது முன்னறிவிப்பு. அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பழகியவர், தாமதமாக விண்ணப்பித்ததற்கு வருந்தி "ஐ ரிக்ரெட் டு அப்ளை லேட்" என்று எழுதுகிறார். இங்கேதான் தவறு. ஏற்கெனவே செய்துவிட்டதற்கு வருந்தும்போது வினை 'இங்' என்ற ஈற்றைப் பெற வேண்டும்: "ஐ ரிக்ரெட் அப்ளையிங் லேட்". செய்யாமல் விட்டதற்கு நடுவில் 'நாட்' வரும்: "ஐ ரிக்ரெட் நாட் அப்ளையிங் எர்லியர்". 'டு' வந்தால் செய்தி முன்னால் இருக்கிறது, 'இங்' வந்தால் செயல் பின்னால் கிடக்கிறது.

இன்னொன்று. 'ரிக்ரெட்' வருத்தத்தைத் தெரிவிக்கும், மன்னிப்புக் கேட்காது. ஒருவர் காலை மிதித்துவிட்டு "ஐ ரிக்ரெட்" என்று சொன்னால் அறிக்கை வாசிப்பது போலிருக்கும். அங்கே 'சாரி' போதும்.

ஏழாம் படி: அழுத்தமும் சில அக்கம்பக்கமும்

'ஐ விஷ்' இருக்கும் பெரும்பாலான இடங்களில் 'இஃப் ஒன்லி' வைத்தால் ஏக்கம் கூர்மையாகும். "இஃப் ஒன்லி ஐ ஹேட் லிசன்ட்!" என்பது நம் "கேட்டிருந்தால்...!" என்று முடிக்காமல் விடும் பெருமூச்சு. சொற்களை இடம் மாற்றி 'ஒன்லி இஃப்' என்று சொல்லிவிடாதீர்கள். அது நிபந்தனை, "இருந்தால் மட்டுமே" என்று பொருள்படும்.

'இட்ஸ் டைம்', 'ஐட் ராதர்' ஆகிய இரண்டும் எழுவாயோடு வரும்போது இதே இறந்தகால வடிவத்தை ஏற்கின்றன. "இட்ஸ் டைம் வீ லெஃப்ட்" என்றால் நாம் இன்னும் கிளம்பவில்லை, கிளம்பியாக வேண்டும். "ஐட் ராதர் யூ கேம் டுமாரோ" என்றால் நீங்கள் நாளை வருவதையே விரும்புகிறேன். 'கேம்' என்ற இறந்தகால வினையும் 'டுமாரோ' என்ற நாளையும் அடுத்தடுத்து நிற்கின்றன; "நாளை வந்தால்" என்ற தமிழைப் போலவே.

'விஷ்' தானே இறந்தகாலத்தில் 'விஷ்ட்' ஆனாலும் பின்வரும் வடிவம் மாறுவதில்லை. "ஷீ விஷ்ட் ஷீ நியூ" என்றால் அந்த நேரத்தில் அவருக்குத் தெரியவில்லை. "ஷீ விஷ்ட் ஷீ ஹேட் நோன்" என்றால் அதற்கும் முன்பே தெரிந்திருக்கவில்லை.

உரையாடலில் முழு வாக்கியம் தேவையில்லை. "டு யூ ஸ்பீக் ஃப்ரெஞ்ச்?" என்று கேட்டால் "நோ, பட் ஐ விஷ் ஐ டிட்" என்பது போதும். "டிட் யூ செல் இட்?" என்றால் "யெஸ், அண்ட் ஐ விஷ் ஐ ஹேடன்ட்". கேள்வியில் உள்ள துணைவினையைப் பிடித்து, ஒரு காலம் பின்னே தள்ளி, திருப்பிவிட்டால் விடை வந்துவிடும்.

பயிற்சி

கீழே உள்ளவற்றை, விடையைப் பார்க்காமல், நடப்பு வாக்கியத்தை முதலில் எழுதிக்கொண்டு மாற்றிப் பாருங்கள். எனக்கு நீச்சல் தெரிந்தால் நன்றாக இருக்கும். நேற்று அந்தக் கூட்டத்திற்குப் போயிருக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் வானொலியின் ஒலியைக் குறைக்க மாட்டார்களா! நாளை உனக்கு எளிய கேள்விகள் வரட்டும். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இன்று இந்தச் சிக்கலில் இருக்க மாட்டேன்.

முதலாவது "ஐ விஷ் ஐ குட் ஸ்விம்". இரண்டாவதற்கு "ஐ ஷுடன்ட் ஹேவ் கான் டு தட் மீட்டிங் யெஸ்டர்டே" என்றோ "ஐ விஷ் ஐ ஹேடன்ட் கான்" என்றோ எழுதலாம். முன்னதில் தன்மீது குறை, பின்னதில் வெறும் வருத்தம். மூன்றாவது "ஐ விஷ் தி நெய்பர்ஸ் வுட் டர்ன் டவுன் தி ரேடியோ". நான்காவது நடக்கக்கூடியது, எனவே "ஐ ஹோப் யூ கெட் ஈசி க்வெஸ்சன்ஸ் டுமாரோ".

ஐந்தாவதில் "இஃப் ஐ வுட் ஹேவ் லிசன்ட்" என்று தொடங்கியிருந்தால் அடித்துவிடுங்கள். 'இஃப்' உள்ள பகுதியில் 'வுட் ஹேவ்' எழுதக் கூடாது. சரியான வாக்கியம் "இஃப் ஐ ஹேட் லிசன்ட் டு ஹிம், ஐ வுடன்ட் பி இன் திஸ் ட்ரபுள் டுடே". முற்பகுதி நேற்றைக்குரியது, பிற்பகுதி இன்றைக்குரியது. தமிழில் 'கேட்டிருந்தால்' என்பதில் கூடுதலாக ஓர் 'இரு' நிற்க, அடுத்த பகுதியில் 'இருந்திருக்க மாட்டேன்' என்று வராமல் 'இருக்க மாட்டேன்' என்று வந்ததைக் கவனித்திருந்தால், ஆங்கிலத்தில் எங்கே 'ஹேட்' வர வேண்டும், எங்கே வெறும் 'வுடன்ட் பி' போதும் என்பதைத் தமிழ் வாக்கியமே காட்டிக்கொடுத்திருக்கும்.